மணியக்காரரின் நெற்றிப் பொட்டு

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என்னைப் பார்க்க ஆப்பிளும் ரொட்டியுமாக வருகிறவர்கள் யாரும் முதலில் என் காலைப் பார்ப்பதில்லை. கூடத்து மூலையில் நிற்கிற மணியக்காரரைத்தான் பார்க்கிறார்கள். "ஏனுங்கக்கா, இதுதானுங்களா உங்க காலக் காப்பாத்துனது?" என்று கேட்டுவிட்டு, கோவிலில் சுற்றுவது மாதிரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்கள். எனக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இனி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, ஆப்பிளை வைத்துவிட்டுப் போகலாம். எனக்குச் சர்க்கரை, ஆப்பிளைப் பக்கத்து வீட்டுப் பாத்திமாவின் பிள்ளைகள் தின்கிறார்கள்.

என் பெயர் ருக்மணி. பாலக்காட்டு ஜில்லாவில், பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு, வீட்டை ஒட்டி மாவு மில். வீட்டுக்காரர் காலமான பிறகு மில்லை நானே ஓட்டினேன். மிளகாய்க்கும் மல்லிக்கும் கோதுமைக்கும் மிஷின் போடுகிற சத்தம் வேறு வேறு. அடுப்படியில் நின்றுகொண்டே பெல்ட் தளர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். இப்போது மில்லை வாடகைக்கு விட்டாயிற்று. மகன் செந்தில் பெங்களூரில் இருக்கிறான். வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து, "அம்மா, இங்க வந்துரு" என்பான். "வர்றேன் கண்ணு" என்பேன். போனதில்லை.

சர்க்கரை எனக்குப் பல வருடமாக. அது உடம்பில் ரொம்பக் காலம் தங்கினால் கால் நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துவிடும். வலி தெரியாது, சூடு தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. கேட்பவர்கள், "வலி இல்லீன்னா நல்லதுதானுங்களே" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் ஷைனி சிஸ்டர், படுக்கையில் கிடப்பவர்களையும் நாள்பட்ட நோய்க்காரர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவள். மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒருநாள் வேனில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஒரு என்ஜினீயரிங் காலேஜ்காரர்கள், தனியாக இருக்கிற நோயாளிகள் வீட்டில் வைத்துப் பார்க்க ரோபோ கொடுக்கிறார்களாம்.

"சேச்சி தனியா, ஒற்றைக்கல்லே. துணைக்கு ஒரு ஆளாச்சு" என்றாள்.

பெட்டியிலிருந்து வந்தது இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைக் குடம். கீழே சக்கரம். மேலே முகம் மாதிரி ஒரு திரை, அதில் இரண்டு நீலக் கண். அந்தக் கண் வெறும் படம்தான். உண்மையான கண், திரைக்கு மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. வயிற்றில் ஒரு டிராயர். மாத்திரை நேரத்துக்கு அது தானாகத் திறக்கும். வாசற்படியைத் தாண்டத் தெரியாது. கை கிடையாது. ஆனால் வாய் உண்டு. என்ன வாய்!

"தாங்கள் காலை உணவு உட்கொண்டீர்களா?" என்று கேட்கும். ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ். எழுந்தாயா, தின்றாயா, மாத்திரை போட்டாயா, தூங்கினாயா என்று அது எல்லாவற்றையும் விசாரிக்கிற தோரணையைப் பார்த்து நான்தான் அதற்கு மணியக்காரர் என்று பெயர் வைத்தேன். பழைய காலத்தில் ஊர் மணியக்காரர் இப்படித்தான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்பார். பாத்திமா தன் கடையை மூடிவிட்டு வரும்போதெல்லாம், "யக்கா, மணியக்காரரு வரி வசூல் பண்ணீட்டாரா?" என்று கேலி செய்வாள்.

எல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒன்றுதான் பொறுக்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் என் முன்னால் வந்து நிற்கும். "தயவுசெய்து தங்கள் பாதத்தைக் காட்டவும்."

பாதமாம்! சாமிக்கல்லவா பாதம்? எனக்கு இருப்பது வெடிப்பு விழுந்த கால். அதைத் தூக்கி ஒருத்தர் முகத்துக்கு நேரே நீட்டுவதா? தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி நாம். சர்க்கரைக்காரர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கு அது பார்த்துச் சொல்லும் என்று ஷைனி விளக்கினாள். புரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் நீட்டும்போது மனசுக்குள் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் மில்லில் நான்தான் பூஜை செய்வேன், வாடகைக்கு எடுத்தவரும் அதை விட்டுக்கொடுத்திருந்தார். பூஜை என்பதால் செருப்பைக் கழற்றினேன். சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலில் நடக்கக்கூடாது என்று ஷைனி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். செருப்போடு நின்று சூடம் காட்ட எனக்கு வரவில்லை. மோட்டாருக்கு, கல்லுக்கு, தராசுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மூலையில் இது மட்டும் மூளியாக நிற்கிறது. மில்லில் கிடக்கிற ஸ்பேனருக்குப் பொட்டு உண்டு, எனக்கு மாத்திரை கொடுக்கிற இதற்கு இல்லையா? சந்தனத்தைக் குழைத்து, நெற்றி என்று நான் நினைத்த இடத்தில் பெரிதாக ஒன்று வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டேன். பார்க்க மங்களகரமாக இருந்தது.

"முன்புறக் காட்சி மறைந்துள்ளது. தயவுசெய்து துடைக்கவும்" என்றது.

"பூஜையன்னிக்குத் துடைக்கக் கூடாது சாமி" என்றேன்.

மறுநாளும் கேட்டது. அடுத்த நாளும். காலேஜிலிருந்து போன் வந்தது. துடைத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். துடைக்கவில்லை. சாயங்காலம் காலை நீட்டினால், "பாதம் தெரியவில்லை" என்றது. "தெரியாட்டிப் போச்சாது போ" என்று காலை மடக்கிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

ஏன் துடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் போன அன்று என் நெற்றிப் பொட்டை நாலு பேர் பிடித்து அழித்தார்கள். ஈரத்துணி. அது முகத்தில் பட்ட இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் யார் நெற்றியிலிருந்தும் பொட்டை எடுத்ததில்லை, கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கிற ஸ்டிக்கர் பொட்டைக்கூட. இது இரும்பு என்று அறிவு சொன்னது, கை எழவில்லை.

இப்படிக் குருடாக நின்ற மணியக்காரர் ஒரு நாள் காலையில் புதுக் கேள்வி ஒன்று கேட்டது. "தங்கள் இடது கால் நடை மாறியுள்ளது. வலி உள்ளதா?"

"இல்ல."

சாயங்காலமும் அதே கேள்வி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணே தெரியாது, என்ற நடை மட்டும் தெரியுதாக்கும்?" என்றேன். மறுநாள் காலையில் அது சொன்னதை மறக்க மாட்டேன். "வலி இல்லை என்பது கவலை அளிக்கிறது. ஷைனி சிஸ்டரை அழைக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் ஷைனிக்குப் போன் போய்விட்டது.

ஷைனி வந்து என்னைக் கட்டிலில் உட்காரவைத்து இடது காலைத் தூக்கினாள். பாத்திமாவும் கூட நின்றாள். பாத்திமா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அப்புறம், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், சட்டென்று எடுத்துவிட்டாள். மில் தரையில் கிடந்த இரும்புச் சிராய் ஒன்று உள்ளங்காலில் ஏறி, உள்ளேயே இருந்து, பூஜை நாளிலிருந்து சீழ் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்துவிட்டன.

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாத" என்றாள் ஷைனி. அப்படியே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் பஞ்சில் ஸ்பிரிட் எடுத்துக்கொண்டு மணியக்காரரிடம் போனாள். "வேண்டாம் ஷைனி" என்று கத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன், ஈரத்துணி உட்பட. கேட்டுவிட்டு அவள் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தாள். துடைத்துவிட்டு, சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து, அந்த வட்டத்துக்கு மேலே, விளிம்பில், சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். கழுத்தில் சிலுவை போட்ட பிள்ளை. "கண்ணுக்கு மேலயல்லே சேச்சி நெத்தி" என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரி. ஷைனியும் பாத்திமாவும் கூட வந்தார்கள். காஷுவாலிட்டி வாசலில் சக்கர நாற்காலிகள் வரிசை. எனக்கு முன்னால் இருந்த ஒருவருக்கு ஒரு கால் இல்லை. அவர் என் காலில் ஷைனி போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "சுகராணோ?" என்று கேட்டார். சர்க்கரையா என்கிறார். தலையாட்டினேன். அவர் தன் மடித்த வேட்டியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். ஆறுதலுக்குத்தான் சிரித்திருப்பார். எனக்கோ, இனி என் வீட்டு அடுப்படிக்கு நான் நடந்து போவேனா மாட்டேனா என்ற ஒரே நினைப்புதான் அதன் பிறகு மனசில் ஓடியது.

டாக்டரம்மா சின்னப் பெண். வந்ததும், "வேதன உண்டோ?" என்றார். மலையாளத்தில் வேதனை என்றால் வலி. பிறந்ததிலிருந்து இந்த ஜில்லாவில் இருக்கிறவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "வேதனை நெறைய இருக்குதுங்க டாக்டர். வலிதானுங்க இல்ல" என்றேன். அவர் சிரிக்காமல், "சரியாச் சொன்னீங்க, அதுதான் உங்க நோயே" என்றார் நல்ல தமிழில்.

பிறகு சோதனைகள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அங்கங்கே குத்தி, தொட்டால் சொல்லுங்கள் என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். "எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டபோது, முடிந்துவிட்டது என்றார்கள். ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைப் பார்க்கிற சோதனை ஒன்று; டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்றுகிற என்னைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். விஷம் எலும்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே.

கடைசியில் டாப்ளர். காலில் ரத்தம் ஓடுகிறதா என்று காதால் கேட்கிற சோதனை அது. பாதத்தின் மேல் குளிர்ந்த பசையைத் தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினார் டாக்டரம்மா. வெறும் இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் வரவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் ஷைனியிடம் மலையாளத்தில் சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. அப்போது, "ஷ்வ்... ஷ்வ்... ஷ்வ்..." என்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

"நீங்கதான். உங்க ரத்தம். பாதம் வரைக்கும் வருது."

எத்தனை வருஷம் மிஷின் சத்தம் கேட்டிருக்கிறேன். எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் கோளாறு என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இது சரியான சத்தம். செத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலுக்குள், தொட்டால்கூடத் தெரியாத அந்தக் காலுக்குள், என்னைக் கேட்காமல் ஒன்று இத்தனை காலமும் விடாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அடேயப்பா! கொஞ்ச நேரம் கேட்கட்டுமா என்றேன். பின்னால் ஆள்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் டாக்டரம்மா பேனாவை எடுக்கவில்லை.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். செத்த சதையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். கால் தப்பியது. இன்னும் சில நாள் போயிருந்தால் இந்த டாப்ளரைப் பார்க்கவே தேவை இருந்திருக்காது என்றார் டாக்டரம்மா. "சரி, வலியே இல்லாம, இதை யாரு கண்டுபிடிச்சது?"

"எங்கூட்டு மணியக்காரருங்க."

"வில்லேஜ் ஆபீசரா?" என்று அவர் புருவத்தைத் தூக்கினார். பாத்திமா சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

குருடாக நின்றது எப்படிக் கண்டுபிடித்தது என்பதை ஷைனி காலேஜில் கேட்டு வந்து சொன்னாள். மேசை நாற்காலியில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, மணியக்காரரின் அடியில், கணுக்கால் உயரத்தில் ஒரு சின்னக் கண் வைத்திருக்கிறார்களாம். அதற்கு முகம் தெரியாது, நிறம் தெரியாது. வீட்டுக்குள் போய் வருகிற இரண்டு கால்கள் மட்டும், அதுவும் இரண்டு நிழலாகத் தெரியும். மேல் கண்ணை நான் மூடிவிட்ட பிறகு அதற்கு மிச்சம் இருந்தது அதுதான். இடது கால் தரையில் நிற்கிற நேரம் நாளுக்கு நாள் குறைவதை அந்த நிழலை வைத்தே பார்த்திருக்கிறது. எனக்கே தெரியாமல் என் உடம்பு அந்தக் காலைக் காப்பாற்றிக்கொண்டு நடந்திருக்கிறது. நான் பெல்ட் சத்தத்தைக் கேட்ட மாதிரி அது என்னைக் கேட்டிருக்கிறது. நான் திட்டத் திட்டக் கேட்டிருக்கிறது. ஷைனி சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெற்ற பிள்ளைகூட அத்தனை கவனமாக என் நடையைப் பார்த்ததில்லை, நானும் அவன் நடையைப் பார்த்ததில்லை.

செந்தில் வந்துவிட்டான். என் தலைமாட்டில் உட்காராமல் கால்மாட்டில் உட்கார்ந்தான். கட்டுப் போடாத வலது காலை மடியில் எடுத்து வைத்து, உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தடவினான். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "உடுடா" என்றேன். அவன் விடவில்லை.

"தொடறது தெரியுதாம்மா?"

"தெரியுது கண்ணு" என்றேன். தெரியவில்லை. ஆனால் அவன் கை போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதுவே போதும் என்றிருந்தது. ஆஸ்பத்திரி பில்லை அவனும் பாத்திமாவும் வராந்தாவில் நின்று யார் கட்டுவது என்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையும் எனக்குக் காதுக்கு இனிமைதான்.

புண் ஆறத் தொடங்கியதும் பிசியோதெரபிக்காரர் வந்தார். குதிகாலில் மட்டும் பாரம் தாங்குகிற ஒரு மொத்தமான செருப்பைப் போட்டுவிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஊன்றச் சொன்னார். ஊன்றவில்லை. கெஞ்சினார். அதட்டினார். நான் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றேன். கீழே தரை இருக்கிறதா என்றே தெரியாத காலை எதை நம்பி வைப்பது? ஏற்கனவே அது என்னை ஏமாற்றிய கால். "ஊட்டுக்குப் போய் வெச்சுக்கறனுங்க" என்று சொல்லித் தப்பித்தேன். நடக்காவிட்டால் இருக்கிற ரத்த ஓட்டமும் குறையும், கால் சூம்பிவிடும் என்றார் டாக்டரம்மா. செந்தில் என் முகத்தைப் பார்க்காமல், "நடக்கலீன்னா பெங்களூர்தாம்மா" என்றான்.

வீட்டுக்கு வந்தோம். "வருக, ருக்மணி அம்மா" என்றது மணியக்காரர். பொட்டு அப்படியே இருந்தது. நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி ஒரு எட்டு வைத்தேன். உடனே வீடே அதிர்கிற மாதிரி அலறியது. "ருக்மணி அம்மா விழுகிறார்! ருக்மணி அம்மா விழுகிறார்!" அதோடு இணைத்திருந்த பாத்திமாவின் போனும் அடித்தது. மாவுக் கையோடு ஓடிவந்தாள். நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். இன்னொரு எட்டு. மறுபடியும் அலறல்.

செந்தில் ஷைனிக்குப் போன் போட்டான். அவள் காலேஜில் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். "சேச்சி, அதுக்கு உங்க பழைய நடைதான் அறியும். இந்தக் குதிச்சுக் குதிச்சுப் போறது அதுக்கு விழற மாதிரி. புதிய நடை படிக்கணும்னா, ரெண்டு காலும் வெச்சு அது முன்னால நடக்கணும். வேற வழி இல்ல. இல்லெங்கில் ஓஃப் பண்ணிடலாம்."

"நிறுத்தீரலாமாம்மா?" என்றான் செந்தில். அவன் கை பொத்தான் மேல் இருந்தது.

"கைய எடுடா" என்றேன்.

என்ன கொழுப்பு பாருங்கள்! டாக்டரம்மா சொல்லி நடக்காதவள், பெற்ற பிள்ளை சொல்லி நடக்காதவள், இதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நடக்க வேண்டுமாம். வாய் விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே இடது குதிகாலை இறக்கினேன். தரை தெரியவில்லை. முட்டியிலும் இடுப்பிலும்தான் பாரம் வந்து சேர்ந்தது தெரிந்தது. மணியக்காரர் அலறியது. அடுத்த எட்டு. அலறியது. செந்தில் ஒரு கையை எனக்குப் பின்னால் நீட்டிக்கொண்டே வந்தான், தொடாமல். கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கூடம். அது என் கூடவே உருண்டு வந்தது, அலறிக்கொண்டே. பாத்திமா போனை அணைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. இன்னொரு தரம் திரும்பினேன்.

இடது காலை வைத்தேன். மணியக்காரர் அலறவில்லை.